மதுரை மிஷன்: நானூறு ஆண்டுகளில் நகர்ந்த எல்லைகள்

வீரமாமுனிவர் பணிபுரிந்த ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோயில் கும்பகோணம் ஆயரின் ஆட்சியில் உள்ளது. அவரே பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய கோணான்குப்பம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அருளானந்தர் 1693இல் வெட்டுண்டு இறந்த ஓரியூர் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர். அதன் ஆயர் இல்லம் சிவகங்கையில். காமநாயக்கன்பட்டி அரசுக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டம், திருச்சபைக் கணக்கில் பாளையங்கோட்டை மறைமாவட்டம். ஆவூர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு திருச்சி ஆயருக்குக் கீழ் இயங்குகிறது.

ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த ஊர்கள் எல்லாம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரே அமைப்பின் கீழ் இருந்தன. சேசு சபையினர் நடத்திய மதுரை மிஷன் என்பது அதன் பெயர். ஓர் ஊர்க் குரு இறந்தால் மற்றோர் ஊரிலிருந்து குரு வந்தார். ஒரு நாட்டில் கலாபனை (சமயத் துன்புறுத்தல்) எழுந்தால் கிறிஸ்தவர்கள் அடுத்த நாட்டு மிஷன் ஊரில் அடைக்கலம் புகுந்தார்கள். பிறகு இவை எப்படிப் பிரிந்தன, யார் பிரித்தார்கள், எதை அளவாகக் கொண்டு கோடு போட்டார்கள் என்று தேடிப் போனால், தென்தமிழகத்தின் நானூறு ஆண்டு அரசியல் வரலாறே கைக்கு வந்துவிடுகிறது.

இந்தத் தேடலில் எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது ஒன்று. மதுரை மிஷன் தன் வெளி எல்லையைத் தானே வகுத்துக்கொண்ட காலம் மிகக் குறைவு. நாயக்க மன்னரும் பாளையக்காரரும், லிஸ்பன் அரசவையும், உரோமைத் தலைமையும், ஆங்கிலேயர் நீதிமன்றமும் அதை மாறி மாறி வகுத்தார்கள். மிஷனின் கைக்குள்ளேயே இருந்த எல்லை சாதி எல்லை ஒன்றுதான். அதுவே எல்லாக் கோடுகளையும்விட நீண்ட ஆயுளோடு இருந்தது.

மதுரைக்குள் இரண்டு மிஷன்கள்

மதுரை மிஷனின் தொடக்கம் பொதுவாக 1606 என்றே எழுதப்படுகிறது. அந்த ஆண்டு நவம்பரில் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். ஆனால் அவருக்கு முன்பே, 1595இல், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியர் அங்கே வந்துவிட்டார். படைவீரராக இருந்து துறவியானவர் அவர். முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்துக்காக மதுரை வந்து போன பரவர் சமூகத்துக் கிறிஸ்தவர்களைக் கவனிப்பதே அவருடைய வேலை. ஆகவே மதுரையின் முதல் மிஷன், கடற்கரைத் திருச்சபை உள்நாட்டுக்கு நீட்டிய ஒரு கிளைதான்.

அந்தக் கடற்கரைத் திருச்சபைக்கு அப்போதே அறுபது வயது. பரவர்கள் 1530களின் நடுவில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் நெடுங்காலம் பணியாற்றிய அந்திரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். அந்தத் திருச்சபையின் எல்லை போர்த்துகீசியக் கப்பல்களின் பீரங்கிகள் எட்டும் தூரத்தோடு ஏறத்தாழ நின்றுவிட்டது. கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக, கிறிஸ்தவம் என்றால் பரங்கியர் மார்க்கம் என்ற எண்ணமே நின்றது.

நொபிலி அந்த எண்ணத்தை உடைக்க முயன்றார். காவி உடுத்தார், புலால் விட்டார், சமஸ்கிருதமும் தமிழும் தெலுங்கும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பெர்னாண்டஸ் இருந்த இல்லத்தை விட்டு வேறு வீட்டில் குடியேறினார். பரவர்கள் கூடும் கோயிலிலிருந்து தம்மை வெளிப்படையாக விலக்கிக்கொண்டார். ஒரே சபை, ஒரே நகரம், ஒரே நம்பிக்கை. ஆனால் இரண்டு வாசல்கள். பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்கு முறையீடு அனுப்பினார். கோவாவில் விவாதம் நடந்தது. 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் வழிமுறைகளுக்கு இசைவு தந்தார்.

இந்தச் சர்ச்சையை இனெஸ் ஜுபானோவ் 1999இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்களா, சமூகச் சின்னங்களா என்பதே பேச்சின் மையம் என்று வழக்கமாகச் சொல்கிறோம். நிலப்பரப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கடற்கரையிலிருந்து மதுரையைப் பிரித்தது மலையோ ஆறோ அல்ல. யாரோடு உட்கார்ந்து உண்பது, யார் வீட்டுக்குள் நுழைவது என்ற வழக்கமே பிரித்தது. மிஷனின் முதல் எல்லை அப்படித்தான் விழுந்தது.

மலைக்கு அப்பால் ஓர் ஆயர்

போர்த்துகல் அரசருக்குத் திருத்தந்தையர் வழங்கியிருந்த உரிமைகளின் தொகுப்பைப் பதுரவாதோ என்பர். கிழக்கு நாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமை அரசருக்கு. குருக்களுக்கும் கோயில்களுக்கும் செலவு செய்யும் கடமையும் அரசருக்கு. இத்தாலியரான நொபிலியும் லிஸ்பனில் கப்பல் ஏறித்தான் இந்தியா வர முடிந்தது. 1558இல் கொச்சி மறைமாவட்டம் அமைந்தது. 1606இல் அதிலிருந்து மயிலாப்பூர் பிரிந்தது. அதே காலகட்டத்தில், கேரளத்தின் தோமையார் கிறிஸ்தவர்களுக்கான அங்கமாலிப் பேராயம் கொடுங்கல்லூருக்கு மாற்றப்பட்டது. மதுரை இந்த மூன்றில் எதற்கு உரியது என்ற கேள்வி எழுந்தபோது, அது கொடுங்கல்லூருக்குக் கொடுக்கப்பட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், சிரியாக் மொழியில் வழிபடும் மக்களின் பேராயரே மதுரை, திருச்சி, மறவர் சீமைக் கிறிஸ்தவர்களுக்கும் ஆயரானார். அதற்குக் காரணம் இருந்தது. அங்கே ஆயராக இருந்த பிரான்சிஸ் ரோஸ் சேசு சபையைச் சேர்ந்தவர். உள்நாட்டு வழக்கங்களை அறிந்தவர். நொபிலியின் பக்கம் நின்றவர். கொச்சி ஆயரோ பிரான்சிஸ்கன் சபையினர். அவருக்கும் சேசு சபைக்கும் கடற்கரையில் கசப்பான பூசல் இருந்தது. ஒரு மிஷனின் எல்லை யாரோடு யாருக்கு ஒத்துப்போகும் என்பதைப் பொறுத்து அமைந்தது.

சபை நிர்வாகத்திலும் மதுரை மலைக்கு மேற்கேதான் சேர்ந்திருந்தது. அது சேசு சபையின் மலபார் மாநிலத்தின் பகுதி, தலைமையகம் கொச்சி. 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும், 1663இல் கொச்சியும் டச்சுக்காரர் கைக்குப் போயின. தலைமையகம் திருச்சூர்ப் பக்கத்து அம்பலக்காட்டுக்கு நகர்ந்தது. அங்கேதான் 1679இல் அந்தோணி தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சேறியது.

இந்த டச்சு வெற்றிகள் மதுரை மிஷனின் பொருளையே மாற்றிவிட்டன. அதுவரை கடற்கரை தாய், உள்நாடு சேய். இப்போது கடற்கரையில் கத்தோலிக்கக் குருக்கள் நடமாடவே தடை. உள்நாட்டு மன்னர்களின் நிலமே பாதுகாப்பான நிலமாயிற்று. பீரங்கிப் பாதுகாப்பை நம்பி எழுந்த திருச்சபை தளர்ந்தபோது, உள்ளூர் மன்னரின் அனுமதியை நம்பி எழுந்த திருச்சபை தாக்குப்பிடித்தது.

பாளையங்களின் எல்லையில்

1623க்குப் பிறகு நொபிலி திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று வடக்கே நகர்ந்தார். 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி என்ற இன்னொரு வேடத்தை மேற்கொண்டார். பிராமண சந்நியாசி எட்ட முடியாத குடிகளிடம் பண்டாரசாமி போகலாம். ஒடுக்கப்பட்ட மக்களும் அவரை அணுகலாம். மிஷன் உண்மையில் பரவியது இந்த இரண்டாவது வழியால்தான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை நாயக்கர் நாடு, தஞ்சை, செஞ்சிப் பகுதிகள், மறவர் சீமை எங்கும் அதன் ஊர்கள் இருந்தன.

அக்கால மிஷன் வரைபடத்தை நிறம் தீட்டிய ஒரே பரப்பாக எண்ணினால் தவறாகிவிடும். அது இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்ற ஊர்களின் தொகுதி. ஒவ்வோர் ஊரும் ஒரு பாளையக்காரரின் அல்லது சிற்றரசரின் இசைவால் நின்றது. இசைவு கிடைத்த இடத்தில் கோயில். மறுக்கப்பட்டால் எல்லைக்கு அடுத்த காட்டில் ஒரு குடிசை. 1701இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகஜி கிறிஸ்தவர்களை ஒடுக்கியபோது, தஞ்சைக்கு வெளியே இருந்த பாளையங்கள் புகலிடமாயின. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ப் பாளையத்தில் இருந்த ஏலாக்குறிச்சியின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது. அங்குள்ள மாதாவுக்கு அடைக்கல மாதா என்ற பெயர் வழங்குகிறது.

மறவர் சீமையின் கதை இதன் மறுபக்கம். 1686இல் அருளானந்தர் அங்கே பிடிபட்டு வதைபட்டார். நாட்டை விட்டுப் போகுமாறு ஆணை பெற்று விடுதலையானார். ஐரோப்பா சென்று 1690இல் திரும்பினார். தடையை மீறி மறவர் சீமைக்குள் மீண்டும் புகுந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி மறவர் சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் உறவினர். திருமண உறவுகளால் கட்டப்பட்டிருந்த மறவர் அரசியலின் முடிச்சு ஒன்றில் கை பட்டுவிட்டது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் கொல்லப்பட்டார். அரசர் நாட்டை மூடினார். ஆனால் மக்கள் அந்த மணல்திட்டை வழிபாட்டிடமாக்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் மறவர் சீமை மிஷனின் வலுவான பகுதிகளில் ஒன்றாக வளர்ந்தது.

வடக்கே புதிய எல்லை ஒன்றும் இக்காலத்தில் எழுந்தது. சயாமிலிருந்து 1688இல் வெளியேற நேர்ந்த பிரெஞ்சு சேசு சபையினர் பாண்டிச்சேரியில் தங்கி, கர்நாடக மிஷன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். அது போர்த்துகல் அரசரின் கொடைக்குக் கட்டுப்படாதது. ஆவூரில் கோயில் எழுப்பிய பூஷே மதுரை மிஷனை விட்டு அதற்குப் போனார். இரு மிஷன்களின் வழிமுறையும் ஒன்றே. பணம் வந்த கருவூலம்தான் வேறு. அந்த வேறுபாடு பிற்காலத்தில் நிலையான எல்லையாக இறுகியது.

குருக்கள் குறைந்த காலம்

1759இல் போர்த்துகல் அமைச்சர் பொம்பால் தம் நாட்டிலும் குடியேற்றங்களிலும் சேசு சபையைத் தடைசெய்தார். கோவாவில் இருந்தவர்கள் கைதாகிக் கப்பலேற்றப்பட்டார்கள். தமிழ் மன்னர்களின் நிலத்தில் இருந்தவர்களை லிஸ்பன் தொட முடியவில்லை. ஆனால் புதிய ஆட்கள் வரவில்லை, பணமும் வரவில்லை. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்தார். இருந்தவர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

1776 முதல் பாண்டிச்சேரியின் பொறுப்பைப் பாரிஸ் வேதபோதக சபையினர் ஏற்றார்கள். மதுரை மிஷனின் தெற்குப் பகுதிகளில் கோவாவிலிருந்து வந்த குருக்களே பெரும்பாலும் பணியாற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நூல்கள் இவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது அரிது. பெர்த்ரான் 1847க்கும் 1854க்கும் இடையில் பாரிசில் வெளியிட்ட நான்கு தொகுதிகளும், பங்குகளின் வரலாறாக பெஸ் 1914இல் எழுதிய நூலும் ஆய்வாளர்க்கு இன்றியமையாதவை. சத்தியநாத ஐயர் 1924இல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியபோது சேசு சபைக் கடிதங்களைப் பெரிதும் பயன்படுத்தினார். ஆயினும் இவ்வாதாரங்கள் வெற்றி பெற்ற தரப்பின் பதிவுகள் என்பதை மறக்கக் கூடாது. கோவா குருக்கள் இல்லாதிருந்தால் 1838இல் பிரெஞ்சுக்காரர் வந்து மீட்டெடுக்க ஒரு திருச்சபையே எஞ்சியிருக்காது. அவர்களுக்கு நியாயம் செய்யும் தமிழ் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டும்.

அவர்களைவிடவும் குறைவாகப் பேசப்படுபவர்கள் உபதேசியார்கள். குரு ஆண்டுக்கு ஒரு முறைகூட எட்டிப் பார்க்க முடியாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள், சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், இறந்தவரை அடக்கம் செய்தவர்கள், திருவிழாவைத் தவறாமல் நடத்தியவர்கள் இவர்கள். ஆயர் யார், அரசர் யார் என்ற கேள்விகள் எல்லாம் குழம்பிக் கிடந்த இக்காலத்தில், ஊரும் உபதேசியாரும் திருவிழாவும் சேர்ந்ததே திருச்சபையாக இருந்தது. மேலே எல்லை அழிந்தபோது கீழே இந்த அடித்தளம் நின்றது.

ஓர் ஊர், இரு அதிகாரம்

சேசு சபை 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. 1834இல் போர்த்துகல் துறவற சபைகளைத் தன் நாட்டில் கலைத்தது. உரோமையோடு உறவு முறிந்தது. ஆயர் இருக்கைகள் வெறுமையாயின. உரோமை தன் நேரடி அதிகாரத்தில் இயங்கும் அப்போஸ்தலிக்க விகாரியேட்டுகளை அமைக்கத் தொடங்கியது. 1836இல் பாண்டிச்சேரியை மையமாகக் கொண்டு சோழமண்டலக் கரை விகாரியேட் அமைந்தது. மதுரைப் பகுதி பிரெஞ்சு சேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெர்த்ரான், கார்னியே, மர்த்தேன், து ரான்கே என்ற நால்வர் முதலில் வந்தார்கள்.

1838 ஏப்ரல் 24 அன்று வெளியான திருத்தந்தையின் மடல், கொடுங்கல்லூர், கொச்சி, மயிலாப்பூர் ஆகியவற்றின் பழைய ஆட்சி உரிமையை நிறுத்தி, அப்பகுதிகளை விகார் அப்போஸ்தலிக்குகளிடம் ஒப்படைத்தது. கோவா குருக்கள் அதை ஏற்கவில்லை. போர்த்துகல் அரசரின் இசைவில்லாத மடல் செல்லாது என்பது அவர்கள் வாதம். இரு நூற்றாண்டு மரபு அந்த வாதத்துக்குத் துணை நின்றது.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் தென்தமிழகக் கத்தோலிக்கர் இரு கட்சிகளாக வாழ்ந்தார்கள். கோயில் சாவி யாரிடம், திருவிழாவில் யார் பூசை வைப்பது, கல்லறை யாருக்கு என்று ஊர்தோறும் பூசல். ஒரு குருவை ஏற்காதவர்கள் பக்கத்திலேயே இன்னொரு கோயில் கட்டினார்கள். வழக்குகள் கம்பெனி நீதிமன்றங்களுக்குப் போயின. திருத்தந்தை மடல் பெரிதா, அரசர் உரிமை பெரிதா என்று ஆங்கிலேய நீதிபதிகள் ஆராய விரும்பவில்லை. கோயில் இப்போது யார் கைவசம் என்பதையே முதன்மையாகப் பார்த்தார்கள். ஆகவே முதலில் கைப்பற்றுவதே வழக்கை வெல்லும் வழியாயிற்று.

இந்தப் பூசலில் மக்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். சூசன் பெய்லி 1989இல் வெளியான நூலிலும், டேவிட் மோஸ் 2012இல் வெளியான நூலிலும் காட்டியிருப்பதுபோல், இரு அதிகாரங்கள் இருந்தது ஊர்த்தலைவர்களுக்கும் சாதித்தலைவர்களுக்கும் பெரிய பேரம் பேசும் வலிமையைக் கொடுத்தது. தேர்வடம் பிடிப்பதிலும் பரிவட்டம் பெறுவதிலும் தங்கள் மரியாதையைக் குறைக்கும் குருவை விட்டு மற்றக் குருவிடம் போகலாம். தூத்துக்குடியில் பரவர் சாதித்தலைவரின் நிலை இந்தப் பூசலின் போக்கோடு பின்னிக்கிடந்தது. உரோமையும் லிஸ்பனும் மோதிய கோடு, ஊருக்குள் பங்காளிகள் மோதும் கோட்டோடு ஒட்டிக்கொண்டது.

இதே ஆண்டுகளில் இன்னொரு மதுரை மிஷனும் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் 1834இல், பிரெஞ்சு சேசு சபையினர் திரும்புவதற்கு முன்பே, மதுரைக்கு வந்து தங்கள் மிஷனை நிறுவினார்கள். புரொட்டஸ்டண்ட் மிஷன்கள் தங்களுக்குள் பேசி வட்டாரங்களைப் பிரித்துக்கொண்டன. ஒருவர் வட்டாரத்தில் மற்றவர் நுழைவதில்லை என்பது அவர்கள் உடன்பாடு. கத்தோலிக்கர்க்கு அப்படி ஓர் உடன்பாடு இருக்கவில்லை. உடன்படிக்கை எழுத வேண்டியவர்கள் லிஸ்பனிலும் உரோமையிலும் இருந்தார்கள்.

மிஷன் மறைமாவட்டங்களாகிறது

1846இல் மதுரை தனி விகாரியேட் ஆனது. அடுத்த ஆண்டு அலெக்சிஸ் கனோஸ் ஆயராகத் திருநிலைப்பட்டு, 1888இல் இறக்கும்வரை அதை நடத்தினார். பிரெஞ்சு சேசு சபையினர் வந்த முதல் பத்தாண்டுகளில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பல இளம் குருக்கள் பலியானார்கள். அதையும் தாங்கி 1844இல் நாகப்பட்டினத்தில் கல்லூரி தொடங்கினார்கள். அது 1883இல் திருச்சிக்கு மாறி இன்றைய தூய வளனார் கல்லூரியாக நிலைத்தது. 1895இல் செண்பகனூரில் குருத்துவக் கல்லூரி எழுந்தது. மிஷனின் ஆவணங்கள் இன்றும் அங்கேதான் காக்கப்படுகின்றன.

புதிய விகாரியேட் பழைய மதுரை மிஷனின் முழு அளவில் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம் போன்ற ஊர்கள் பாண்டிச்சேரியிடமே நின்றுவிட்டன. 1899இல் பாண்டிச்சேரியிலிருந்து கும்பகோணம் பிரிந்தபோது ஏலாக்குறிச்சி அங்கே போயிற்று.

1886இல் உரோமையும் போர்த்துகலும் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் முறையான மறைமாவட்டங்கள் அமைந்தன. 1887இல் மதுரை விகாரியேட் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் என்ற பெயரைப் பெற்றது. மிஷனுக்குப் பெயர் தந்த மதுரை ஆயர் இருக்கையின் பெயரிலிருந்து மறைந்து, அரை நூற்றாண்டு கழித்தே திரும்பியது. மயிலாப்பூர் போர்த்துகீசிய ஆதரவில் மீண்டும் எழுந்தது. சென்னையை ஒட்டிய ஒரு பகுதியும், வெகு தெற்கே தஞ்சை வட்டாரமுமாக அது இரு துண்டுகளாகக் கிடந்தது. வேளாங்கண்ணி அதன் கீழ் இருந்தது. இது போதாதென்று, திருச்சி ஆயரின் எல்லைக்கு நடுவிலேயே பல பங்குகள் மயிலாப்பூருக்குக் கீழ்ப்படிந்தன. 1928இல் இரு தரப்பும் செய்த புதிய உடன்பாடுதான் இந்த இரட்டை ஆட்சியை முடித்தது. 1838இல் தொடங்கிய பிளவு முழுதாக ஆற 90 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே எல்லைகள் வேறு காரணத்துக்காகவும் பிரியத் தொடங்கியிருந்தன. 1923இல் திருச்சியிலிருந்து தூத்துக்குடி மறைமாவட்டம் பிரிந்தது. அதன் ஆயர் திபூர்சியுஸ் ரோச், நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர். சவேரியார் நடந்த கடற்கரைக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து இந்நாட்டவரான ஓர் ஆயர் கிடைத்தார். 1938இல் மதுரை மறைமாவட்டம் அமைந்து, ஜான் பீட்டர் லியோனார்டு ஆயரானார். 1953இல் அது உயர்மறைமாவட்டமானது. 1952இல் மயிலாப்பூரிலிருந்து தஞ்சாவூர் பிரிந்தது. அதே ஆண்டில் சேசு சபையின் மதுரை மிஷன் பிரான்சின் கீழிருந்து விடுபட்டுத் தனி மாநிலமாயிற்று. பிறகு 1973இல் பாளையங்கோட்டையும் 1987இல் சிவகங்கையும் மதுரையிலிருந்து பிரிந்தன. 2003இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் பிரிந்தது.

இந்தப் பிரிவுகள் நிர்வாக வசதிக்காக எழுந்தவை என்பது முழு உண்மையல்ல. ஆயர் இருக்கை அருகில் வந்தால் பள்ளி வரும், மருத்துவமனை வரும், தங்கள் பகுதிப் பிள்ளைகள் குருக்களாக வாய்ப்புப் பெருகும் என்ற மக்களின் விருப்பமும் இவற்றில் கலந்திருந்தது. அரசு மாவட்டங்களைப் பிரித்த வேகத்துக்கும் திருச்சபை பிரித்த வேகத்துக்கும் உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் ஓடவில்லை. காமநாயக்கன்பட்டியும் ஆவூரும் அதற்குச் சான்று.

அழியாத கோடு

வெளி எல்லை இத்தனை முறை மாறிய மிஷனில் உள் எல்லை எப்படி இருந்தது? நொபிலியின் காலத்தில் இரு வாசல்களாகத் தொடங்கியது, பண்டாரசாமி முறையில் இரு வகைக் குருக்களாயிற்று. உரோமை இதைக் கேள்வி கேட்டது. 1704இல் பாண்டிச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை மிஷனின் வழக்கங்கள் பலவற்றைக் கண்டித்தது. நாற்பது ஆண்டுத் தர்க்கத்துக்குப் பின் 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி ஆணை வெளியிட்டார். பறையர் மக்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்க சேசு சபையினர் முன்வந்ததை அது ஏற்றது. ஒடுக்கப்பட்டவர்கள் கைவிடப்படக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. ஆனால் அந்தத் தீர்வே பிரிவினைக்கு முறையான வடிவமும் தந்தது.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் இதைக் கல்லிலேயே காட்டியது. திருவிதாங்கூர் அரசின் அலுவலர் நீலகண்ட பிள்ளை, 1745இல் தம் அரசரின் எல்லையைக் கடந்து வந்து ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த அவரை 2022இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. ஓர் அரசின் எல்லையைத் தாண்ட ஒருவருக்குத் துணிவு கொடுத்த அதே ஊரில், 1872இல் எழுந்த கோயில் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவே சுவர். பீடத்திலிருந்த குருவுக்கு இரு பக்கமும் தெரியும். மக்களுக்கு மற்றவர் முகம் தெரியாது.

1910 வாக்கில் சேசு சபையினர் அந்தச் சுவரை இடித்தார்கள். வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. கோயிலுக்குள் சாதிக்கென்று தனியிடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. மிஷனின் வரலாற்றில் பெருமைப்படத்தக்க நிகழ்வுகளில் இது ஒன்று. ஆனால் இதைச் செய்ய முந்நூறு ஆண்டுகள் ஆயின என்பதையும், ஒரு கோயிலின் சுவர் விழுந்ததால் எல்லாச் சுவர்களும் விழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சாதிகளைப் பிரித்த சுவர் 21ஆம் நூற்றாண்டிலும் போராட்டங்களுக்குக் காரணமாக இருந்தது. கொடுங்கல்லூர்ப் பேராயம் அழிந்தது, போர்த்துகல் அரசரின் உரிமை அழிந்தது, நாயக்கரும் நவாபும் கம்பெனியும் போனார்கள். இறந்தவர்களுக்கு நடுவில் ஒரு சுவர் மட்டும் நின்றது.

எழுத வேண்டிய வரலாறு

மதுரை மிஷனைப் பற்றிய நூல்களில் பெரும்பகுதி மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகள். நொபிலி, அருளானந்தர், வீரமாமுனிவர் ஆகியோர் அந்தக் கவனத்துக்கு முற்றிலும் தகுதியானவர்கள். நொபிலியின் தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த எஸ். இராசமாணிக்கம் அடிகளாரின் உழைப்பு இல்லாவிட்டால் நாம் இன்னும் இருட்டில் இருந்திருப்போம். அடுத்து வேண்டியது ஊர்களின் வரலாறு. ஓர் ஏலாக்குறிச்சி எத்தனை ஆயர்களின் கீழ் இருந்தது, ஒவ்வொரு மாற்றத்திலும் அங்கே பள்ளிக்கும் நிலத்துக்கும் தேருக்கும் என்ன ஆயிற்று, யார் சேர்க்கப்பட்டார்கள், யார் வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்று ஊரின் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். அதற்கான சான்றுகள் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும், செண்பகனூர் ஆவணங்களிலும் உள்ளன. பிரெஞ்சும் போர்த்துகீசியமும் இலத்தீனும் கற்ற தமிழ் ஆய்வாளர்கள் சிலரையாவது திருச்சபையும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்க வேண்டும். இல்லையேல் இந்த மக்களின் வரலாறு அவர்களுக்குப் புரியாத மொழிகளிலேயே கிடக்கும்.

திருச்சபைக்கும் இந்த வரலாறு நேராக ஒன்றைச் சொல்கிறது. நானூறு ஆண்டுகளில் அதன் வெளி எல்லைகள் மாறியபோதெல்லாம், எங்கள் கையில் இல்லை, அரசர் ஆணை, உரோமை ஆணை என்று சொல்ல இடம் இருந்தது. கோயிலுக்குள்ளும் கல்லறைக்குள்ளும் போட்ட கோட்டுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. வடக்கன்குளத்தில் சுவரை இடிக்க எந்த அரசரின் அனுமதியும் தேவைப்படவில்லை. இடிப்பது சரி என்று நம்பி, வழக்கை எதிர்கொள்ளும் உறுதிதான் தேவைப்பட்டது. அந்த உறுதி ஓர் ஊரில் 1910இல் சாத்தியமாயிற்று என்றால், மற்ற ஊர்களில் இன்று அது சாத்தியமில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.